நான்காம் வருஷத்துக்கு யார் கட்டுவது?

கேள்வி: மேடம், நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். 2023-இல் குடும்பத்தில் எல்லோருக்கும் கிரீன் கார்டு வந்தது. மகள் 2026 செப்டம்பரில் கல்லூரிக்குப் போகிறாள். தம்பி அவளுக்கு இரண்டு வகுப்பு கீழே. அவள் ஆசைப்படும் தனியார் கல்லூரி வேறு மாநிலத்தில் இருக்கிறது. வருஷச் செலவு 86,000 டாலர், உதவி 43,500 என்று கடிதம் வந்திருக்கிறது. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செலவு 37,000. கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) எதுவும் இல்லை. என்னால் மாதம் 1,250 டாலர் எடுத்துவைக்க முடியும். கல்லூரிக்கான 529 சேமிப்புக் கணக்கில் 24,000 இருக்கிறது. மிச்சத்துக்கு பேரண்ட் பிளஸ் கடன் வாங்கிக்கொள்ளலாம், எவ்வளவு கேட்டாலும் தருவார்கள் என்று ஆபீஸ் நண்பர் சொன்னார். அவர் பையனுக்கு 2023-இல் அப்படித்தான் வாங்கினார். இப்போது அதை மாற்றிவிட்டார்களாமே? பையனும் கல்லூரிக்கு வந்துவிட்டால் உதவி கூடுமா? மனைவிக்கு நவம்பரில் வேலை போய்விட்டது, அதை யாரிடம் சொல்வது? ஊரில் அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு வந்த நிலம் இருக்கிறது. அதையும் காட்ட வேண்டுமா? விற்றுக் கட்டிவிடலாமா? மகளுக்கு மேற்கொண்டு மருத்துவம் படிக்க ஆசை. எனக்கு வயது 49.

பதில்: உங்கள் நண்பர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் பையன் சேர்ந்த வருஷத்தின் சட்டத்தைச் சொன்னார். அந்தச் சட்டம் உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

பேரண்ட் பிளஸ் என்பது பெற்றோர் பெயரில் கூட்டாட்சி அரசு கொடுக்கும் கடன். கல்லூரியின் மொத்தச் செலவில் மற்ற உதவிகளைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறதோ, அது முழுவதையும் இதுவரை இதில் வாங்க முடிந்தது. கடன் வரலாற்றில் பெரிய கறை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். உங்கள் வருமானத்தில் இதைத் திருப்பிக் கட்ட முடியுமா என்று யாரும் கேட்டதில்லை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' சட்டம் இதற்கு உச்சவரம்பு வைத்துவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருஷம் 20,000 டாலர், மொத்தப் படிப்புக்கும் 65,000 டாலர். அதற்கு முன்பே சேர்ந்து கடனும் வாங்கியிருந்த குடும்பங்களுக்கு மட்டும் சில வருஷம் பழைய வரம்பே தொடரும். நண்பரின் பையன் அந்தக் கணக்கில் வருவான். ஆளுக்கு 65,000 என்று நீங்களும் மனைவியும் தனித்தனியாக வாங்கலாமா என்றால், முடியாது. வரம்பு பிள்ளைக்குத்தான், இரண்டு பேர் வாங்குவதையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். இடையில் கொஞ்சம் கட்டி அடைத்தாலும் அந்த அளவுக்கு மறுபடி வாங்க முடியாது.

20,000-ஐவிடக் கவனிக்க வேண்டியது அந்த 65,000-தான். வருஷம் 20,000 வீதம் நான்கு வருஷத்துக்கு 80,000 ஆகிறது, கிடைப்பதோ 65,000. இது எந்த வருஷத்தில் இடிக்கும் என்பதை உங்கள் எண்களை வைத்தே காட்டுகிறேன்.

முதலில் அந்தக் கடிதத்தில் இருக்கும் 43,500. கல்லூரி நிதி உதவி அலுவலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரியை நம்பாதீர்கள். முதல் வருஷ மாணவருக்கு அரசு தரும் கடன் 5,500 டாலர். அது போனால் 38,000. உங்கள் மகளுக்குக் கிடைத்த கிராண்ட் 38,000-தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அவளே திருப்பிக் கட்டப்போகும் கடனையும் சேர்த்து 'உதவி' என்று கூட்டிக் காட்டுவது இங்கே ரொம்ப சாதாரணம். கூட்டாட்சித் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022-இல் இந்தக் கடிதங்களை ஆராய்ந்தது. 91 சதவீதக் கல்லூரிகள் உண்மையில் கட்ட வேண்டிய தொகையைக் குறைத்துக் காட்டுகின்றன, அல்லது அதைச் சொல்வதே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. ஆக உங்கள் உண்மையான விலை வருஷம் 48,000.

இதில் மகளின் கடன் 5,500. நீங்கள் எடுத்துவைப்பது வருஷத்துக்கு 15,000. 529-ஐ நான்காகப் பிரித்தால் 6,000. எல்லாம் போக முதல் வருஷம் துண்டு விழுவது 21,500. பேரண்ட் பிளஸில் 20,000 கிடைக்கும், 1,500-தான் குறைகிறது. எப்படியும் சமாளித்துவிடுவீர்கள், எல்லோரும் சமாளிக்கிறார்கள். முதல் வருஷத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் உள்ள ஆபத்தே அதுதான். கட்டணம் வருஷத்துக்கு 4 சதவீதம் ஏறுகிறது, கிராண்ட் அதே 38,000-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. மகளின் கடன் வரம்பு இரண்டாம் வருஷம் 6,500, அதற்குப் பிறகு 7,500 என்று கூடுவதையும் கழித்துவிட்டேன். இரண்டாம் வருஷம் துண்டு 23,940. மூன்றாம் வருஷம் 26,518. நான்காம் வருஷம் 30,238. முதல் மூன்று வருஷத்திலேயே 60,000 வாங்கி முடித்திருப்பீர்கள். கடைசி வருஷத்துக்கு அரசு தரப்போவது 5,000 மட்டும். இன்னும் 25,000 டாலருக்கு மேல் வேண்டும், அதுவும் பட்டம் கைக்கு வர எட்டு மாதம் இருக்கும்போது, வேறு கல்லூரிக்கு மாறவும் முடியாத நிலையில். நான்கு வருஷப் பற்றாக்குறையையும் கூட்டினால் 37,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. தம்பி கல்லூரியில் சேர்ந்ததும் அந்த 1,250-ஐ இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்குமே, அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

பழைய சட்டம் இருந்திருந்தால் இந்த 37,000-ஐயும் பேரண்ட் பிளஸே கொடுத்திருக்கும். நீங்களும் கணக்குப் போடாமல் கையெழுத்து போட்டிருப்பீர்கள். அதனால் இந்த உச்சவரம்பை வெறும் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். 2025–26 கல்வியாண்டில் பேரண்ட் பிளஸ் வட்டி 8.94 சதவீதம், அதுபோகக் கொடுக்கும்போதே 4.228 சதவீதத்தைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 20,000 வாங்கினால் கல்லூரிக்குப் போய்ச் சேர்வது 19,154 டாலர். (2026 ஜூலைக்குப் பிறகு கொடுக்கும் கடனுக்கான வட்டி அந்த வருஷ மே மாதக் கருவூல ஏலத்தை வைத்து முடிவாகும்.) இதே வட்டியில் 65,000-ஐ 20 வருஷத் தவணையில் கட்டினால் மாதம் சுமார் 580 டாலர், மொத்தமாகக் கட்டி முடிப்பது கிட்டத்தட்ட 1,40,000. படிப்பு முடியும்வரை தவணையைத் தள்ளிவைத்தால் அதுவரை ஏறும் வட்டி தனி. மகள் பட்டம் வாங்கும்போது உங்களுக்கு 53 வயது, கடைசித் தவணையின்போது 73. வருமானத்துக்கு ஏற்றபடி குறைத்துக் கட்டும் திட்டம் எதுவும் புதிய பேரண்ட் பிளஸ் கடனுக்குக் கிடையாது. மாணவர் கடனை வருமானத்துக்கு ஏற்பக் கட்ட 2026 ஜூலையில் தொடங்கும் 'ராப்' திட்டத்திலும் இதற்கு இடமில்லை. வேலை போனாலும் அதே தவணைதான் கணக்கு.

வரம்பு வைத்துவிட்டதால் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். கடன் தாராளமாகக் கிடைப்பதால்தான் கட்டணம் ஏறுகிறது என்ற வாதம் 1987-இல் கல்வித் துறைச் செயலராக இருந்த வில்லியம் பென்னட் காலத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. நாளைக்கு யாராவது குறைத்தாலும் குறைக்கலாம். வரும் செப்டம்பருக்கு உங்களுக்கு அனுப்பியிருக்கும் பில்லில் குறைக்கவில்லை.

துண்டு விழும் இடத்தில் இனி தனியார் வங்கிக் கடன் விளம்பரங்கள் வந்து நிற்கும். ஆரம்ப வட்டி பேரண்ட் பிளஸைவிடக் குறைவாகக்கூடத் தெரியும். ஆனால் மாணவர் பெயரில் வாங்கும் கடனுக்குப் பெரும்பாலும் நீங்களும் உடன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வேலை போனால் தவணையை நிறுத்திவைப்பதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம். நான்காம் வருஷம் தேவைப்படும் 25,000-ஐ அப்போது வங்கி கொடுக்கும் என்று இன்றைக்கே எவரும் உறுதி சொல்ல முடியாது. மனைவியின் வேலை நிலைமை தெளிவாகாதவரை அதை நம்பி மகளைச் சேர்க்காதீர்கள்.

தம்பி விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டதும் பழைய கதை. முன்பு ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால், பெற்றோர் பங்கு என்று ஃபாஃப்ஸா (கூட்டாட்சி உதவிக்கான விண்ணப்பப் படிவம்) கணக்கிடும் தொகையை இரண்டாகப் பிரிப்பார்கள். 2024–25 கல்வியாண்டில் அந்தக் கணக்கே மாறி, குடும்பத்தின் கட்டும் திறனைக் காட்டும் எஸ்.ஏ.ஐ. என்ற புது எண் வந்தது. அதில் இந்தப் பிரித்தல் இல்லை. எத்தனை பேர் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று படிவம் இன்றைக்கும் கேட்கிறது. நீங்கள் எழுதும் பதிலால் எஸ்.ஏ.ஐ. ஒரு டாலர்கூடக் குறையாது. நம்மைப் போன்ற நடுத்தர வருமானக் குடும்பங்களை இதுவரை வந்த மாற்றங்களிலேயே அதிகம் அடித்தது இதுதான் என்பது என் எண்ணம். பேச்சு என்னவோ கடன் வரம்பைப் பற்றியே இருக்கிறது. ஒரு சின்ன வாசல் மட்டும் திறந்திருக்கிறது. சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவம் கேட்கும் தனியார் கல்லூரிகளில் சில, தங்கள் சொந்த கிராண்டைக் கணக்கிடும்போது உடன்பிறப்பையும் கணக்கில் எடுக்கின்றன. மகளின் கல்லூரி அதைக் கேட்டிருந்தால், 2028-இல் தம்பி சேரும்போது கிராண்டைத் திருத்துவீர்களா என்று இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள்.

இப்போது மனைவியின் வேலை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். பணம் இருப்பது அங்கேதான்.

2026–27 ஃபாஃப்ஸா பார்ப்பது உங்கள் 2024 வரிக் கணக்கை. 2024-இல் இரண்டு பேர் சம்பளம். அந்த வருமானம் இன்று இல்லை என்பது படிவத்துக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு. ஒவ்வொரு கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கும் சிறப்புச் சூழ்நிலையைப் பார்த்து வருமானத்தைத் திருத்தும் அதிகாரம் சட்டப்படியே இருக்கிறது. 'புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்' என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். இந்த மாதிரி விண்ணப்பங்களையெல்லாம் மொத்தமாக மறுத்துவிடுவது என்று ஒரு கல்லூரி கொள்கை வைத்துக்கொள்ளவும் கூடாது. அவர்கள் மறுக்கலாம், ஆனால் உங்கள் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத்தான் மறுக்க வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதுதான் முக்கியம். என் மேஜைக்கு வந்த கடிதங்களில் நம் ஊர்க்காரர்கள் எழுதியவை தனியாகத் தெரியும். மகள் சின்ன வயதிலிருந்தே எப்படிப் படிப்பாள், என்னென்ன பரிசு வாங்கினாள் என்று மூன்று பக்கம் இருக்கும். வேலை போன தேதி இருக்காது. படிப்பவருக்கு வேண்டியது ஒரு பக்கம். வேலை போன தேதி, வேலைநீக்கக் கடிதத்தின் நகல், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையிழப்பு உதவித்தொகை வந்தால் அதன் விவரம், பிரிவுத் தொகை கொடுத்திருந்தால் அது எவ்வளவு, 2026 முழு வருஷத்துக்கும் வீட்டில் எவ்வளவு வருமானம் வரும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் தொகை. கடைசி வரியில் வேண்டுகோள்: 2024 வருமானத்துக்குப் பதில் இதை வைத்து எஸ்.ஏ.ஐ.-ஐத் திருத்தி, கிராண்டை மறுபடி கணக்கிடுங்கள். அவ்வளவுதான். மற்ற கல்லூரி இவ்வளவு தருகிறது என்ற பேரத்தை இதே கடிதத்தில் கலக்காதீர்கள். அது வேறு மேஜை, வேறு விண்ணப்பம்.

இரண்டு சம்பளம் ஒன்றானால் எஸ்.ஏ.ஐ. பாதியாகக்கூடக் குறையலாம். அப்போதும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் உங்களுக்கு எட்டுவது கடினம். அதன் உச்சத் தொகையே 7,395 டாலர், எஸ்.ஏ.ஐ. அதைப் போல் இரண்டு மடங்கு இருந்தாலே 2026–27 முதல் பெல் கிடையாது என்று புதிய சட்டம் சொல்கிறது. நான் எதிர்பார்ப்பது கல்லூரியின் சொந்தப் பணத்தை. 38,000 கிராண்ட் 48,000 ஆனால் உங்கள் விலை 38,000. மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அப்போது மகளின் ஆசைப்படியே செய்யலாம். கிராண்ட் 42,000-இல் நின்றுவிட்டால் நான் அனுப்ப மாட்டேன். நடுவில் எங்காவது நின்றால், மேலே போட்டதுபோல நான்கு வருஷக் கணக்கை மறுபடி போடுங்கள். நான்காம் வருஷத் துண்டு, உங்களால் கையிலிருந்து கட்ட முடிந்த அளவுக்குள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கிராண்ட் நான்கு வருஷமும் உறுதிதானா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அதே கணக்கை மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டால் முதல் வருஷத் துண்டு 10,500, நான்காம் வருஷம் 13,120, நான்கும் சேர்ந்து சுமார் 46,000. இது வரம்புக்குள் அடங்குகிறது. மனைவிக்கு மறுபடி வேலை கிடைத்தால் இதில் பாதியைக்கூடக் கடனில்லாமல் முடிக்கலாம். அங்கேயும் அதே வேலையிழப்பு விண்ணப்பத்தைக் கொடுங்கள். கிராண்ட் இல்லை என்று சொன்னதே பழைய வருமானத்தைப் பார்த்துத்தான். உள்ளூரில் இருக்கும் இரண்டு வருஷக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நம்மவர்கள் கேட்பதே இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற தயக்கம். வீட்டிலிருந்து இரண்டு வருஷம் அங்கே படித்து அசோசியேட் பட்டத்தோடு நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் அந்தப் படிப்பை ஏற்றுக்கொள்ள மாநிலச் சட்டமே இருக்கிறது. மருத்துவம் போக நினைக்கும் பிள்ளை என்பதால் உங்கள் மகளுக்கு இதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். அடிப்படை அறிவியல் பாடங்களை எங்கே படித்தாள் என்று சில மருத்துவக் கல்லூரிகள் பார்க்கும். தம்பிக்கு யோசியுங்கள்.

மருத்துவத்துக்கும் விதி மாறிவிட்டது. மேற்படிப்பு மாணவர்கள் முழுச் செலவுக்கும் வாங்கிக்கொண்டிருந்த கிராஜுவேட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1-க்குப் பிறகு புதியவர்களுக்குக் கிடையாது. மருத்துவம் போன்ற தொழில் படிப்புகளுக்கு வருஷம் 50,000, மொத்தம் 2,00,000. பல இடங்களில் நான்கு வருஷ மருத்துவச் செலவு 3,00,000-ஐத் தாண்டுகிறது. அந்த இடைவெளியை அடைக்க 2030-இல் உங்கள் கடன் தகுதி கெடாமல் இருக்க வேண்டும். இளநிலைக்கே 65,000-ஐயும் அதற்கு மேலே தனியார் கடனையும் வாங்கித் தீர்த்துவிட்டால், மகளின் மருத்துவ ஆசைக்கு முதல் தடை நீங்களாக இருப்பீர்கள். இதை அவளிடமும் சொல்லுங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்த எண்கள் புரியும், நாம்தான் காட்டுவதில்லை.

கடைசியாக நிலம். உங்கள் பெயருக்கு மாறிவிட்டதென்றால் காட்டியே ஆக வேண்டும். குடியிருக்கும் வீட்டைத் தவிர மற்ற நிலம், வீடு எல்லாம் ஃபாஃப்ஸாவில் முதலீடுதான். எந்த நாட்டில் இருந்தாலும் சரி. குடும்பப் பண்ணை நிலத்துக்கான விலக்கைப் புதிய சட்டம் 2026–27-இலிருந்து திரும்பக் கொண்டுவந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது குடும்பம் குடியிருந்து பார்க்கும் பண்ணைக்கு. குத்தகைக்கு விட்டிருக்கும் வயலுக்குப் பொருந்தாது. காட்டினால் உதவி எல்லாம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 40,000 டாலர் பெறும் நிலம் என்றால் எஸ்.ஏ.ஐ. ஏறக்கூடியது 2,256 டாலர். மறைத்து மாட்டினால் 20,000 டாலர்வரை அபராதம், சிறை, அல்லது இரண்டும் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே நிலத்தைக் காட்டாமல் விட்டிருந்தால், மனைவியின் வேலை குறித்து எழுதும் முன் படிவத்தைத் திருத்தி அனுப்பிவிடுங்கள். விண்ணப்பம் கொடுத்தால் மற்ற தாள்களையும் கேட்க வாய்ப்பிருக்கிறது.

விற்பதென்றால் வருஷத்தைப் பார்த்து விற்க வேண்டும். விற்பனை லாபம் அந்த வருஷத்து வருமானத்தில் ஏறும், ஃபாஃப்ஸா இரண்டு வருஷம் முந்தைய வருமானத்தைப் பார்க்கும். 2026-இல் விற்றால் அது 2028–29-இல் தெரியும்: மகளுக்கு மூன்றாம் வருஷம், பையனுக்கு முதல் வருஷம், இரண்டு பேர் உதவியும் அடிபடும். 2027-இல் விற்றாலும் அதே கதை, ஒரு வருஷம் தள்ளி. 2028-இல் விற்றால் பையனை மட்டும்தான் தொடும். அப்பா இறந்த தேதியில் நிலத்துக்கு இருந்த மதிப்பே இங்கத்திய வரிக்கு அடக்க விலை, அதனால் லாபம் நீங்கள் பயப்படுவதைவிடக் குறைவாக இருக்கலாம். அந்தத் தேதியின் மதிப்புச் சான்று ஒன்றை ஊரிலிருந்து இப்போதே வாங்கிவையுங்கள். இந்தியாவில் கட்டும் வரிக்கும் இங்கே கட்டும் வரிக்கும் உள்ள வரவு-கழிவை உங்கள் வரிக் கணக்காளர் பார்த்துக்கொள்வார்.

டெபாசிட் கட்டி இடத்தை உறுதிசெய்ய வேண்டிய மே 1 நெருங்குகிறது. விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை டெபாசிட் கெடுவை நீட்டிக்கச் சொல்லி அட்மிஷன் அலுவலகத்துக்கும் தனியாக எழுதுங்கள். அந்த மின்னஞ்சலை மகள் தன் பெயரில் அனுப்பட்டும்.